பழைய சொற்களும் பழகும் விதமும்: ஒரு திறமூலத் திட்டம் எடுக்க வேண்டிய இரண்டு முடிவுகள்

நான் பராமரிப்பில் பங்கெடுக்கும் ஒரு சிறிய திறமூலத் திட்டத்துக்கு (நிரலை யாரும் படித்துத் திருத்தம் அனுப்பக்கூடிய மென்பொருள் திட்டத்துக்கு) ஒரே வாரத்தில் இரண்டு கோரிக்கைகள் வந்தன. எங்கள் அமைவுக் கோப்பில் பல ஆண்டுகளாக இருந்துவந்த 'ஸ்லேவ்' (அடிமை) என்ற சொல்லை நீக்கிவிட்டு வேறு சொல்லை வைக்க வேண்டும் என்பது முதலாவது. இரண்டாவது, முதன்முறையாகப் பேட்ச் (நிரல் திருத்தம்) அனுப்பிய ஒருவர் எங்களில் ஒருவருக்குத் தனியாக எழுதிய நான்கு வரி மடல். தேதியைப் பிரித்தெடுக்கும் நிரல்பகுதியில் இருந்த ஒரு பிழையை அவர் 14 வரிகளில் திருத்தியிருந்தார்; அதை மறுஆய்வு செய்த மூத்த பங்களிப்பாளர், "ஆவணத்தை ஒருமுறையாவது படித்தீர்களா, இல்லை படிக்கவே தெரியாதவர்கள் எல்லாம் இப்போது நிரல் எழுத வந்துவிட்டீர்களா?" என்று கேட்டிருந்தார். திருத்தம் சரியாகத்தான் இருந்தது. ஒரு மாறியின் பெயர் மட்டுமே எங்கள் மரபுக்கு ஒத்துவரவில்லை. முதல் கோரிக்கையைப் பற்றி நாங்கள் மூன்று மாதம் விவாதித்தோம். இரண்டாவது மடலுக்குப் பதில் எழுதவே பதினொரு நாள் ஆயிற்று. அதற்குள் அவர் தம் பேட்சைத் தாமே மூடிவிட்டுப் போய்விட்டார்.

இரண்டையும் ஒரே விவாதமாகக் கருதியதுதான் நாங்கள் செய்த முதல் தவறு என்று இன்று உறுதியாகச் சொல்வேன். சொற்களைப் பற்றிய முடிவு பெரும்பாலும் பொறியியல் சார்ந்தது. அதற்குச் செலவு உண்டு, கால அட்டவணை உண்டு, வேலை முடிந்தது என்று சொல்லக்கூடிய ஒரு நாளும் உண்டு. நடத்தையைப் பற்றிய முடிவோ அதிகாரம் சார்ந்தது. யார் யாரைக் கேள்வி கேட்கலாம், கேட்டால் அதன்பின் என்ன நடக்கும் என்பதே அதன் உள்ளடக்கம், அது முடிந்துபோகும் நாள் என்று ஒன்று வருவதில்லை. இதே நிலையில் இருக்கும் பராமரிப்பாளர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால், இரண்டிலும் உள்ள வழிகளை, அவற்றைக் கையாண்டு பார்த்த பெரிய திட்டங்களின் அனுபவத்தோடு சேர்த்து இங்கே ஒப்பிடுகிறேன்.

சொற்கள்: அப்படியே விடுவதா, ஒரே நாளில் மாற்றுவதா, மெல்ல மாற்றுவதா

ஒன்று வழிநடத்த மற்றது பின்பற்றும் இரு கருவிகளையோ நிரல்களையோ குறிக்கும் 'மாஸ்டர்', 'ஸ்லேவ்' என்னும் இணைச்சொற்கள் மீதான ஆட்சேபம் புதிதாக முளைத்தது என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் 2003ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி நிர்வாகம், தனக்குக் கருவிகள் வழங்கும் நிறுவனங்களிடம் அந்தச் சொற்களைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொண்டது. திறமூல உலகில் 2014இல் இணையதளங்கள் கட்ட உதவும் மென்பொருள்களான ஜாங்கோவும் ட்ரூபலும் தரவுத்தளம் தொடர்பான இடங்களில் அவற்றைக் கைவிட்டன. 2016இல் நிரல்களைத் தானாகக் கட்டமைத்துச் சோதிக்கும் கருவியான ஜென்கின்ஸ் தன் 2.0 பதிப்பில் 'ஸ்லேவ்' என்பதை 'ஏஜென்ட்' என்று மாற்றியது. 2020 மே மாதம் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் காவலரால் கொல்லப்பட்டதை அடுத்து எழுந்த போராட்டங்களின்போது லினக்ஸ் கெர்னல் (லினக்ஸ் இயங்குதளத்தின் கரு), கோ நிரல்மொழி, ஓப்பன்இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை, நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளம் எனப் பல இடங்களில் இந்தப் பேச்சு ஒரே சமயத்தில் எழுந்தது. இத்தனை திட்டங்கள் இத்தனை விதமாகச் செய்து பார்த்திருப்பதால், எந்த வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஊகிக்க வேண்டிய தேவை இப்போது நமக்கு இல்லை.

அப்படியே விடுவது முதல் வழி. இதை ஆதரிப்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பெயரை மாற்றினால் ஏற்கெனவே எழுதப்பட்ட ஸ்கிரிப்டுகள் உடையும், பழைய கையேடுகளும் பயிற்சிக் குறிப்புகளும் பொய்யாகிப்போகும், தேடலில் பழைய விடைகள் கிடைக்காமல் போகும். இந்தச் செலவை ஏற்கப்போகிறவர்கள் கோரிக்கை வைத்தவர்கள் அல்லர், அந்த மென்பொருளை நம்பி வேலை செய்யும் முன்பின் தெரியாத பயனர்கள். ஆனால் இந்த வாதம், விட்டுவிட்டால் செலவே இல்லை என்று எடுத்துக்கொள்கிறது. எங்கள் அனுபவத்தில் அது உண்மையாக இருக்கவில்லை. தள்ளுபடி செய்த கோரிக்கை ஓரிரு ஆண்டு கழித்துப் புதியவர் ஒருவரிடமிருந்து மறுபடி வரும்; பழைய சண்டை முழுவதும் மறுபடி நடக்கும்; ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கத்திலும் ஓரிருவர் கசந்துபோய் ஒதுங்குவார்கள்.

பைதான் என்ற நிரல்மொழி இதற்குக் கிடைக்கும் நல்ல எடுத்துக்காட்டு. 2018 செப்டம்பரில் அதன் உருவாக்குநர்களில் ஒருவரான விக்டர் ஸ்டின்னர் அந்த மொழியின் ஆவணங்களிலும் நிரலிலும் இருந்த 'மாஸ்டர்', 'ஸ்லேவ்' சொற்களை மாற்றும்படி சில திருத்தங்களை முன்வைத்தார். அளவில் அவை மிகச் சிறியவை. எழுந்த வாக்குவாதமோ மிகப் பெரியது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகியிருந்த, பைதானைப் படைத்த கைடோ வான் ரோசம் தலையிட்டு அதை முடித்துவைத்தார்: பெரும்பாலான திருத்தங்கள் ஏற்கப்பட்டன, யூனிக்ஸ் இயங்குதளத்தின் முனைய அமைப்பு தானே பயன்படுத்தும் பெயரைப் பிரதிபலிக்கும் ஓர் இடம் மட்டும் அப்படியே விடப்பட்டது. அந்த விதிவிலக்கு எனக்குச் சரியாகவே படுகிறது. நம் கட்டுப்பாட்டில் இல்லாத ஒன்றின் பெயரை நாம் மட்டும் மாற்றி எழுதினால், ஆவணத்தைப் படிப்பவர் இரண்டு பெயர்களுக்கும் இடையே தடுமாறுவார்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றுவது இரண்டாவது வழி. இதைப் பற்றி நான் நீட்டப்போவதில்லை, ஏனென்றால் இதன் விளைவை நாங்களே பட்டறிந்திருக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன், இந்த விவாதத்தோடு தொடர்பே இல்லாத காரணத்துக்காக, ஓர் அமைவுத் தேர்வின் பெயரை ஒரே வெளியீட்டில் மாற்றினோம். பழைய பெயரை ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு எதையும் வைக்கவில்லை. ஒரு பயனரின் காப்புநகல் ஸ்கிரிப்ட் அந்தத் தேர்வின் மதிப்பைப் படித்தது, வெற்று விடை கிடைத்ததும் எடுக்க வேண்டியது ஒன்றுமில்லை என்று எண்ணி அமைதியாக முடிந்துவிட்டது. நான்கு இரவுகள் காப்புநகலே எடுக்கப்படவில்லை. பிழைச்செய்தி என்று ஒரு வரிகூட இல்லாததால், ஐந்தாம் நாள் அவர் தற்செயலாகப் பார்க்கும்வரை யாருக்கும் தெரியவில்லை. எவ்வளவு நல்ல நோக்கத்தோடு செய்த பெயர்மாற்றமாக இருந்தாலும், இப்படி ஓர் இரவைச் சந்தித்த பயனர் அந்த நோக்கத்தையே வெறுக்கத் தொடங்குவார்.

மூன்றாவது, பழைய பெயரையும் புதிய பெயரையும் சில காலம் சேர்த்து வைத்திருந்து, பழையதை எச்சரிக்கையோடு மெல்ல ஓய்வுபெறச் செய்வது. நான் பரிந்துரைப்பது இதைத்தான். ரெடிஸ் என்ற தரவுத்தளத்தை உருவாக்கிய சால்வத்தோரே சான்ஃபிலிப்போ 2018இல் இந்தக் கோரிக்கையை முழு மனத்தோடு ஏற்றவர் அல்லர். ஆனாலும் ஐந்தாம் பதிப்பில் 'ரெப்ளிகாஆஃப்' என்ற புதிய கட்டளை வந்தது, பழைய 'ஸ்லேவ்ஆஃப்' தொடர்ந்து வேலை செய்தது, மற்ற நிரல்கள் படித்துப் பொருள்கொள்ளும் நிலையறிக்கை வெளியீட்டில் பழைய சொல்லே நிலைத்தது. இருதரப்பும் முழு நிறைவு அடையவில்லை, ஆனால் எவருடைய நிரலும் உடையவில்லை. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் இன்னும் முறையாகச் செய்தது: 2020 அக்டோபரில் வெளியான 8.0.22 பதிப்பிலிருந்து புதிய கட்டளைகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தது, பழையவற்றைப் பயன்படுத்துவோருக்கு எச்சரிக்கை காட்டியது, 2024 ஏப்ரலில் வந்த 8.4 பதிப்பில் பழைய கட்டளைகளை எடுத்துவிட்டது. இடையில் மூன்றரை ஆண்டுகள். பல கணினிகளில் செயலிகளை இயக்கி நிர்வகிக்கும் குபெர்நெட்டீஸில், கட்டுப்பாட்டுக் கணுக்களின் 'மாஸ்டர்' என்ற லேபிளுக்குப் பக்கத்தில் 1.20 பதிப்பில் 'கன்ட்ரோல் பிளேன்' என்ற புதிய லேபிள் சேர்ந்தது, 1.24 பதிப்போடு பழையதை இடுவது நின்றது. இடைவெளி ஒன்றரை ஆண்டுதான் என்றாலும், அது முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட இடைவெளி.

இதற்குப் பக்கத்திலேயே நான்காவதாக ஒரு வழி இருக்கிறது: பழையதைத் தொடாமல், புதிதாக எழுதுவதில் மட்டும் அந்தச் சொற்களைத் தடுப்பது. 2020 ஜூலையில் லினக்ஸ் கெர்னலின் நிரல்நடை வழிகாட்டியில் சேர்ந்த விதி அப்படிப்பட்டது. புதிய நிரலில் 'மாஸ்டர்', 'ஸ்லேவ்', 'பிளாக்லிஸ்ட்', 'வைட்லிஸ்ட்' ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். பயனர் நிரல்களோடு உள்ள இடைமுகத்தைக் காப்பாற்ற வேண்டிய இடத்திலும், வன்பொருளோ நெறிமுறையோ அந்தச் சொல்லைக் கட்டாயப்படுத்தும் இடத்திலும் விலக்கு உண்டு. மாற்றாக ஒரே சொல்லைத் திணிக்காமல், இடத்துக்கு ஏற்பத் தேர்ந்துகொள்ளப் பல இணைகள் தரப்பட்டிருக்கின்றன. கிட்ஹப்பும் கிட்டத்தட்ட இதையே செய்தது: 2020 அக்டோபர் 1 முதல் புதிய களஞ்சியங்களின் (நிரல் சேமிப்பிடங்களின்) முதன்மைக் கிளைக்கு 'மாஸ்டர்' என்பதற்குப் பதில் 'மெயின்' என்று பெயரிட்டது, ஏற்கெனவே இருந்தவற்றைத் தொடவில்லை. ஆள்பலம் குறைந்த திட்டத்துக்கு இந்த நான்காவது வழியே போதும் என்று நினைக்கிறேன். ஒரு பிற்பகலில் எழுதி முடிக்கக்கூடிய விதி இது, எதையும் உடைக்காது.

எந்தப் புதிய சொல்லைத் தேர்வது என்பதில் ஒரு அளவுகோலை மட்டும் வலியுறுத்துவேன்: பழையதைவிடத் துல்லியமாக இருக்க வேண்டும். தரவுத்தள நகல் யாருடைய கட்டளைக்கும் காத்திருப்பதில்லை, அது முதன்மையில் நடப்பதைத் தன்னிடம் படியெடுத்துக்கொள்கிறது. ஆகவே 'ரெப்ளிகா' என்ற சொல் 'ஸ்லேவ்' என்பதைவிட உண்மையைச் சொல்கிறது. மின்னணுச் சில்லுகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் ஐ2சி இணைப்பின் விவரக்குறிப்பு 2021இல் 'கன்ட்ரோலர்', 'டார்கெட்' என்று மாறியபோதும் இதே தெளிவு கிடைத்தது. இப்படித் துல்லியம் கூடும் இடத்தில், காரணம் பிடிக்காதவர்கள்கூட மாற்றத்தை ஏற்றுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

இங்கே மொழிபெயர்ப்பாளர்களின் அனுபவத்தையும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் தேய்ந்துபோய்ப் பொருளே காதில் விழாத ஒரு சொல், தமிழாக்கும்போது முழு எடையோடு மேசைமேல் வந்து உட்கார்ந்துவிடும். மென்பொருள் இடைமுகம் ஒன்றைத் தமிழாக்கியபோது, 'ஆண்டான்', 'அடிமை' என்று ஒரு பட்டியலில் தட்டச்சு செய்துவிட்டு, அதைத் திரையில் பார்த்ததும் என்னால் சேமிக்க முடியவில்லை. 'முதன்மை', 'நகல்' என்று மாற்றிய பிறகுதான் அந்தக் கருவி என்ன செய்கிறது என்பதே முதல்முறை பார்ப்பவருக்கும் விளங்கியது. 'கருப்புப் பட்டியல்' என்று எழுதுவதைவிடத் 'தடைப்பட்டியல்' என்று எழுதினால் விளக்கக் குறிப்பே தேவைப்படாது. அதேபோல, கிம்ப் என்ற படத்தொகுப்பு மென்பொருளின் பெயர் நம் காதுக்கு வெறும் ஒலி. ஆங்கிலத்தில் அது உடல் ஊனமுற்றவர்களை இழிவுபடுத்தும் சொல். நமக்கு உறுத்தவில்லை என்பது, உறுத்துபவர் மிகையாகச் சொல்கிறார் என்பதற்குச் சான்று ஆகாது. அந்தப் பெயரை மாற்ற 2019இல் சிலர் 'கிளிம்ப்ஸ்' என்று தனியாகப் பிரிந்துபோய் ஒரு திட்டம் தொடங்கினார்கள். போதிய பங்களிப்பாளர்கள் கிடைக்காமல் 2021இல் அது நின்றுபோயிற்று. பெயருக்காக மட்டும் முழு மென்பொருளையும் கிளைபிரிப்பது தாங்க முடியாத சுமை என்பதை அது காட்டியது.

சொல் மாற்றத்தின் மீது வைக்கப்படும் விமர்சனங்களில் எனக்கு மிகவும் உறைத்தது ஒன்று உண்டு: சொல்லை மாற்றிவிட்ட நிறைவில் ஒரு குழு மற்றதைச் செய்யாமலே இருந்துவிடும் என்பது. எங்களுக்கு நடந்தது அதுவேதான். 'ஸ்லேவ்' போய் 'நகல்' வந்தது, வெளியீட்டுக் குறிப்பில் பெருமையோடு ஒரு வரி எழுதினோம். முதல் பேட்ச் அனுப்பியவரிடம் எப்படிப் பேசினோம் என்ற கேள்வி அப்போதும் மேசைக்கு வரவே இல்லை.

நடத்தை: எழுதாமல் விடுவதா, எழுதி வைப்பதா, எழுதியதைச் செயல்படுத்துவதா

எழுதப்படாத மரபே போதும் என்பவர்கள் பெரும்பாலும் அந்த மரபு உருவானபோது உடனிருந்தவர்கள். அவர்களுக்கு யார் எப்போது கோபப்படுவார், அந்தக் கோபத்துக்கு எவ்வளவு எடை கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் பழகிப்போனது. வெளியிலிருந்து வருபவருக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ளும்வரை அவர் காத்திருக்கவும் மாட்டார். மூன்று பேர் மட்டும் வேலை செய்யும், புதியவர்களை எதிர்பார்க்காத திட்டத்துக்கு எழுதப்படாத மரபு சரிப்படலாம். அதற்குமேல் சரிப்படாது.

மென்மையான ஒரு வேண்டுகோளோடு நிறுத்திக்கொள்வது அடுத்த வழி. 2015இல் லினக்ஸ் கெர்னல் ஏற்ற 'கோட் ஆஃப் கான்ஃப்ளிக்ட்' என்ற சிறு ஆவணம் அந்த வகையைச் சேர்ந்தது. உங்கள் நிரல் கடுமையாக விமர்சிக்கப்படும், அதற்குத் தயாராக இருங்கள் என்று அது முதலில் சொன்னது. தனிப்பட்ட முறையில் தாக்கப்பட்டதாக உணர்ந்தால் லினக்ஸ் அறக்கட்டளையின் தொழில்நுட்ப ஆலோசனைக் குழுவிடம் சொல்லலாம் என்று பிறகு சொன்னது. எவை கூடாது என்ற பட்டியலும் இல்லை, புகார் வந்தால் என்ன நடக்கும் என்ற விளக்கமும் இல்லை. 2018 செப்டம்பர் 16 அன்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், தம் நெடுநாளைய பேச்சுமுறைக்கு வெளிப்படையாக வருத்தம் தெரிவித்து, தற்காலிகமாக விலகியிருக்கப்போவதாக அறிவித்தார். அதே நாள்களில் அந்த ஆவணத்தின் இடத்தில் 'கன்ட்ரிபியூட்டர் கவனன்ட்' என்ற ஆயத்த விதித்தொகுப்பின் அடிப்படையிலான நடத்தை விதிகள் வந்தன. மற்றொரு மூத்த பராமரிப்பாளரான கிரெக் குரோ ஹார்ட்மன் சில வாரம் பொறுப்பைப் பார்த்துக்கொண்டார், அக்டோபரில் டோர்வால்ட்ஸ் திரும்பினார். கெர்னல் வளர்ச்சி நின்றுபோகும், திறமையானவர்கள் கூட்டமாக வெளியேறுவார்கள் என்று அப்போது எழுந்த பேச்சு எதுவும் பலிக்கவில்லை.

மூன்றாவது வழி, ஆயத்தமாகக் கிடைக்கும் ஒரு விதித்தொகுப்பை அப்படியே படியெடுத்துக் களஞ்சியத்தில் வைத்துவிடுவது. 2014இல் கோரலைன் ஆடா எம்கே உருவாக்கிய 'கன்ட்ரிபியூட்டர் கவனன்ட்' இவற்றில் மிகப் பரவலானது. அதைப் பல திட்டங்கள் வைத்திருக்கின்றன. புகார் அனுப்ப வேண்டிய முகவரி இருக்க வேண்டிய இடத்தில், நிரப்பச் சொல்லும் அடைப்புக்குறியே இன்னும் கிடக்கும் கோப்புகளை நானே பார்த்திருக்கிறேன். இது விதியே இல்லாத நிலையைவிட மோசமானது என்பது என் எண்ணம். விதி இல்லாத இடத்தில் புதியவர் எச்சரிக்கையோடு நுழைவார். விதி இருக்கும் இடத்தில் நம்பி நுழைவார், அடிபட்ட பிறகுதான் கதவுக்குப் பின்னால் யாரும் இல்லை என்பது தெரியும். எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள மென்பொருள் திட்டம் 2018இல் புனித பெனடிக்டின் துறவுமட விதிகளைத் தன் நடத்தை விதியாக வெளியிட்டுப் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. பிறகு அதை 'அறநெறி விதி' என்று பெயர் மாற்றி வைத்துக்கொண்டது. பெயரும் வடிவமும் எதுவாக இருந்தாலும், புகார் சொல்பவர் யாரிடம் போக வேண்டும் என்ற கேள்விக்கு விடை இல்லாத ஆவணம் அலங்காரம்தான்.

நான்காவது வழியில், விதியோடு அதைச் செயல்படுத்தும் ஆட்களும் முறையும் சேர்ந்திருக்கும். இங்கேதான் கடினமான தேர்வுகள் வருகின்றன. செயல்படுத்துபவர்கள் யார்? பராமரிப்பாளர்களே என்றால் வேகம் உண்டு, ஆனால் புகார் ஒரு பராமரிப்பாளர் மீதே வரும்போது நண்பரே நீதிபதி ஆகிறார். தனிக்குழு என்றால் நம்பிக்கை உண்டு, ஆனால் அந்தக் குழுவின் சொல் மேலே இருப்பவர்கள் மீது செல்லுபடியாக வேண்டும். 2021 நவம்பரில் ரஸ்ட் என்ற நிரல்மொழியின், நடத்தை விதிகளைச் செயல்படுத்தும் நெறிப்படுத்தும் குழு முழுவதும் ஒரே நாளில் பதவி விலகியது. மையக் குழு தன்னைத் தவிர வேறு எவருக்கும் பதில் சொல்லும் நிலையில் இல்லை, ஆகவே தங்களால் விதிகளைச் சமமாகச் செயல்படுத்த முடியவில்லை என்பதே அவர்கள் வெளிப்படையாகச் சொன்ன காரணம். நல்ல விதிகளுக்கும் பொறுப்பான ஆட்களுக்கும் பெயர்பெற்ற சமூகம் அது. அங்கேயே இந்த ஓட்டை இருந்தது என்றால், மற்றவர்கள் தம் அமைப்பை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். 2023இல் ரஸ்ட் தன் மையக் குழுவைக் கலைத்து, பல குழுக்களின் பிரதிநிதிகள் அமரும் தலைமை மன்றத்தை அமைத்தது. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை இயக்கும் நோட்.ஜேஎஸ் திட்டத்திலும் 2017இல், வழிநடத்தும் குழுவின் உறுப்பினர் ஒருவரை நடத்தைக்காக நீக்கும் தீர்மானம் தோற்றபோது, சிலர் அந்தக் குழுக்களிலிருந்து விலகினார்கள், 'அயோ' என்ற பெயரில் ஒரு கிளையும் பிறந்தது.

நடவடிக்கை எடுத்த பிறகு எவ்வளவு சொல்வது என்பது இதைவிடச் சிக்கலானது. 2024 ஆகஸ்டில் பைதானின் வழிநடத்தும் குழு ஒரு மைய உருவாக்குநரை மூன்று மாதம் இடைநீக்கம் செய்தபோது காரணங்களையும் பட்டியலிட்டது. அந்தக் காரணங்கள் பொதுவாக இருக்கின்றன, எந்தப் பேச்சு எந்த விதியை மீறியது என்று விளங்கவில்லை என்று பலர் வருத்தத்தோடு எழுதினார்கள். அதே ஆண்டு நவம்பரில் லினக்ஸ் கெர்னலின் நடத்தைக் குழு, பீகேஷ்எஃப்எஸ் கோப்பு முறைமையின் முதன்மை உருவாக்குநரது பங்களிப்பை 6.13 பதிப்புச் சுழற்சி முழுவதும் கட்டுப்படுத்தியது. அங்கே நிகழ்வும் கால அளவும் குறிப்பாக இருந்தன. தண்டனை சரியா தவறா என்பதில் நான் கருத்துச் சொல்லப்போவதில்லை. ஆனால் எல்லை தெளிவாகச் சொல்லப்பட்ட முடிவைப் பற்றி, உடன்படாதவர்கூட அதன் பொருளை விட்டு விலகாமல் வாதிட முடிகிறது. பொதுவாகச் சொல்லப்பட்ட முடிவு ஊகங்களுக்கு இடம் கொடுக்கிறது. புகார் கொடுத்தவரின் அடையாளத்தை மறைப்பதும், எந்த நடத்தைக்காக என்ன முடிவு என்பதை வெளிப்படையாகச் சொல்வதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. இரண்டையும் சேர்த்துச் செய்ய நேரமும் சொல்நிதானமும் வேண்டும், அவ்வளவுதான்.

'கன்ட்ரிபியூட்டர் கவனன்ட்' தன் இரண்டாம் பதிப்பில் நான்கு படிகளைத் தருகிறது: திருத்தச் சொல்லுதல், எச்சரித்தல், தற்காலிக விலக்கம், நிரந்தர விலக்கம். இதில் எங்களைப் போன்ற சிறிய திட்டங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது முதல் படிதான். எங்கள் மூத்த பங்களிப்பாளரிடம் அன்றே ஒருவர் தனியாக, "இந்த வரியை எடுத்துவிட்டு, மாறியின் பெயரை மட்டும் சுட்டிக்காட்டுங்கள் ஐயா" என்று சொல்லியிருந்தால் அவர் செய்திருப்பார் என்று நம்புகிறேன். பதினொரு நாள் கழித்துச் சொன்னபோதும் அவர் மறுக்கவில்லை. மன்னிப்புக் கேட்க ஆள்தான் இல்லை. விலக்கத்தைப் பற்றியே ஓயாமல் பேசும் விவாதங்கள் இந்த முதல் படியின் வேகத்தை மறந்துவிடுகின்றன. ஒருநாளைக்குள் வரும் ஒரு மென்மையான சொல், மாதங்கள் கழித்து வரும் கடும் தீர்ப்பைவிட அதிகம் காப்பாற்றும்.

ஆகவே ஐந்து முதல் பதினைந்து பேர் வரை பராமரிக்கும் திட்டங்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் புகார் பெற இரண்டு பேரை அமர்த்துங்கள், அவர்களில் ஒருவராவது நிரலை இணைக்கும் அதிகாரம் இல்லாதவராக இருக்கட்டும். ஒருவர் மீது புகார் வந்தால் மற்றவரிடம் போக வழி இருக்க வேண்டும், இருவரும் எந்தப் பராமரிப்பாளரையும், திட்டத்தைத் தொடங்கியவரையும் சேர்த்து, முதல் இரண்டு படிகளுக்கு உட்படுத்தலாம் என்று எழுதிவையுங்கள். இரண்டு நாளுக்குள் முதல் பதில் போகும் என்று உறுதி கொடுங்கள். அதன் பிறகு ஆயத்த விதித்தொகுப்பை எடுத்து, முகவரியை நிரப்பி, உங்களால் செயல்படுத்த முடியாத வரிகளை நீக்குங்கள். சொற்களுக்கு, புதியதில் தடை என்ற விதியை உடனே ஏற்று, பழையதை மாற்றும் வேலையை அடுத்த பெரிய பதிப்புக்கான திட்டத்தில் மற்ற வேலைகளோடு சேர்த்து வையுங்கள். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்த திட்டம் எங்களுடையது.

எங்கள் அமைவுக் கோப்பில் இப்போது புதிய பெயர் இருக்கிறது. பழைய பெயரைப் போட்டாலும் வேலை செய்யும், ஓர் எச்சரிக்கை வரும், அடுத்த பெரிய பதிப்பில் அதுவும் போய்விடும். புகார் முகவரிக்குப் பின்னால் இரண்டு பேர் இருக்கிறார்கள். தேதிப் பிழையை வேறொருவர் மறுபடி கண்டுபிடித்து, ஏறத்தாழ அதே 14 வரிகளை மறுபடி எழுதினார். இணைப்பதற்கு முன், முதலில் எழுதியவரின் பெயரையும் கமிட் குறிப்பில் (நிரல் மாற்றத்தோடு பதியும் குறிப்பில்) சேர்க்கலாமா என்று கேட்டு அவருக்கு மடல் அனுப்பினோம். மூன்று வாரம் காத்திருந்தோம். பதில் வரவில்லை, பெயரைச் சேர்க்காமலே இணைத்தோம்.